வறுமைக் கோட்டின் கணக்கு

அமெரிக்காவின் வறுமைக் கோட்டை 1960-களில் வகுத்தவர் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வாளர் மாலி ஓர்ஷான்ஸ்கி. அவரே வறிய குடும்பத்தில் வளர்ந்தவர். குடும்பங்கள் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டதை வேளாண்மைத் துறையின் 1955 கணக்கெடுப்பு காட்டியிருந்தது. எனவே, அத்துறையின் மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை அவர் மூன்றால் பெருக்கினார். அந்தத் தொகைகூட ஈட்டாத குடும்பம் ஏழை. நால்வர் குடும்பத்துக்கு 1963-இல் அது ஆண்டுக்குச் சுமார் 3,100 டாலர்.

அந்த உணவுத் திட்டமோ தற்காலிக நெருக்கடிக்கென உருவானது. ஆகவே இது கருணையற்ற அளவுகோல்தான். 1969-இல் அரசு இதை அதிகாரபூர்வமாக்கியது. பிறகு விலைவாசிக்கேற்ப மட்டுமே கோடு உயர்ந்தது. வாடகையும் மருத்துவச் செலவும் குடும்பங்களை நெரித்தது கணக்கில் ஏறவில்லை. அவற்றையும் அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் துணை அளவீடு 2011-இல்தான் வெளிவந்தது. ஆனாலும் பல நலத்திட்டங்களுக்கான தகுதி இன்றும் பழைய கோட்டை ஒட்டியே முடிவாகிறது.