பெட்டி வந்தது, பயணி எங்கே?

1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கெனப் பதிவான பெட்டிகளில் குண்டு இருந்தது. பதிவு செய்த பயணியோ விமானம் ஏறவில்லை.

மறு ஆண்டு ஜூன் 23-இல் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அயர்லாந்துக்கு அருகே நடுவானில் சிதறி 329 பேர் இறந்தனர். அங்கும் இதே கதைதான்: வான்கூவரில் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை.

திருவண்ணாமலைக் கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம். டோக்கனோடு ஒருவரும் வராவிட்டால் ஒரு ஜோடி செருப்பு மிஞ்சும், அவ்வளவே. விமானத்தில் அப்படி மிஞ்சும் பெட்டி ஆபத்தானது. ஆகவே ஆள் ஏறாவிட்டால் அவர் பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்பது இன்று பன்னாட்டு விதி.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கை, விமானத்தைத் தகர்ப்பதையும் அதில் குண்டு வைப்பதையும் குற்றமாக்கியது. குற்றவாளி எந்த நாட்டில் சிக்கினாலும், அந்நாடு அவரை உரிய நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் தானே வழக்குத் தொடர வேண்டும். ஆனால் அது காத்தது விமானத்தைத்தான். நிலையக் கட்டடத்தில் நிற்கும் பயணியை, வழியனுப்ப வந்தவரை, சுமை தூக்குபவரைக் குறிவைக்கும் தாக்குதல் அதில் அடங்கவில்லை. 1985 டிசம்பரில் ரோம், வியன்னா நிலையங்கள் தாக்கப்பட்ட பின்னர், 1988-இல் ஒரு துணை உடன்படிக்கை இக்குறையை நீக்கியது. இந்தியா தன் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1994-இல் அதற்கேற்பத் திருத்தியது.

சட்டம் தண்டிக்கும்; கண்டுபிடிப்பது இயற்பியலின் வேலை. எக்ஸ் கதிரை இரும்பு நன்கு தடுக்கும். வெடிமருந்தில் உள்ள கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை அணு எண் குறைந்தவை. ஆதலால் நிழல் மங்கலாகவே விழும். எனவே இருவேறு ஆற்றலுள்ள கதிர்களைச் செலுத்தி, இரண்டும் எந்த விகிதத்தில் உட்கவரப்படுகின்றன என்று கருவி ஒப்பிடுகிறது. அதிலிருந்து பொருளின் அணு எண்ணை ஏறத்தாழ அறியலாம். திரையில் உலோகம் நீலமாகவும் கரிமப் பொருள் ஆரஞ்சாகவும் தெரியும்.

ஆனால் நம் வீட்டு லட்டும் ஆரஞ்சாகத்தானே தெரியும்? அதனால்தான் அலுவலர் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். அந்த ஐந்து நிமிடத் தாமதத்துக்கு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.