பழைய போனை உம்மாவிடம் கொடுக்கும் முன்: ஆண்ட்ராய்டு எப்படி உருவாகிறது?

புதிய கைபேசி வாங்கியதும் பழையதை உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ கொடுத்துவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம். "நல்லாத்தானே வேலை செய்யுது" என்கிறோம். நன்றாக வேலை செய்வது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு. இந்த வேறுபாடு விளங்க வேண்டுமானால், அந்தக் கைபேசியை இயக்கும் ஆண்ட்ராய்டு எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பதை நாம் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆண்டி ரூபினும் மேலும் மூவரும் சேர்ந்து ஆண்ட்ராய்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டிஜிட்டல் கேமராக்களுக்கு மென்பொருள் செய்வதே அவர்களின் முதல் திட்டம். 2005இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2008இல் எச்.டி.சி. தயாரித்த முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது.

இந்த இயங்குதளத்தைப் பல மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். அடித்தளமாக இருப்பது லினக்ஸ் கெர்னல். நினைவகம், பேட்டரி, கோப்புகள் ஆகியவற்றை நிர்வகிப்பது இதுதான். அதற்கு மேல், கேமரா, புளூடூத் போன்ற உறுப்புகளோடு பேசும் அடுக்கு உள்ளது. அதற்கும் மேலே செயலிகளை ஓட வைக்கும் பகுதி. நாம் விரலால் தொடும் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் உச்சி மாடியில் இருக்கின்றன.

ஒவ்வொரு செயலிக்கும் கெர்னல் தனித்தனி அறை ஒதுக்குகிறது. ஒரு விளையாட்டுச் செயலி, பக்கத்து அறையில் உள்ள வங்கிச் செயலியின் தகவலை எட்டிப் பார்க்க முடியாது. கேமரா, தொடர்பு எண்கள், இருப்பிடம் போன்றவை வேண்டுமென்றால் அது நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். பயன்படுத்தும் நேரத்திலேயே இப்படிக் கேட்கும் முறை 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6இல் வந்தது. தொழுகை நேரச் செயலி இருப்பிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டார்ச் செயலி தொடர்பு எண்களைக் கேட்பதில் என்ன நியாயம்?

ஆனால் சுவரிலும் விரிசல் விழும். 2015இல் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற குறை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வீடியோ செய்தியை அனுப்பியே போனுக்குள் ஊடுருவ அது வழி செய்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது.

கூகுள் வெளியிட்ட திருத்தம் உடனே நம் கைக்கு ஏன் வருவதில்லை? ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்கிறது. எனவே புதிய பதிப்பு வந்ததும் சிப் தயாரிப்பாளர் தன் பகுதியைச் சரிசெய்ய வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் ஒவ்வொரு மாடலிலும் சோதிக்க வேண்டும். இந்தத் தாமதத்தைக் குறைக்க, 2017இல் ஆண்ட்ராய்டு 8இல் வன்பொருள் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்தார்கள். 2019இல் ஆண்ட்ராய்டு 10 முதல், சில முக்கியப் பகுதிகளுக்கான திருத்தங்களை பிளே ஸ்டோர் வழியாகவே அனுப்பும் வசதியும் வந்தது.

இருந்தும், ஒரு கட்டத்தில் நிறுவனம் பழைய மாடலைக் கைவிட்டுவிடுகிறது. சாம்சங் 2024இல் வெளியிட்ட கேலக்சி எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் திருத்தம் தருவதாக அறிவித்தது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு இந்தக் காலம் மிகவும் குறைவு. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் விரிசல்கள் அந்தப் போனில் அடைபடாமலேயே கிடக்கும்.

எனவே போனின் அமைப்புகளுக்குள் சென்று 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' தேதியைப் பாருங்கள். அது ஓரிரு ஆண்டுகள் பின்தங்கி, புதிய திருத்தமும் வராவிட்டால், அந்தப் போனில் வங்கிச் செயலியையும் யுபிஐயையும் வைக்காதீர்கள். பேசுவதற்கும் பயான் கேட்பதற்கும் அது போதும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் உம்மாவின் கணக்கில்தான் வந்து சேர்கிறது என்றால், புதிய போன் முதலில் தேவைப்படுவது அவருக்குத்தான்.