வெப்பம் பார்க்க வந்தவர்

1880களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள வைட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், பாடம் நடக்கும்போதே கட்டடப் பணியாளர் வகுப்புக்குள் வருவார். அறை சூடாக இருக்கிறதா, குளிர்கிறதா என்று பார்ப்பார். பிறகு அடித்தளத்துக்கு இறங்கிப்போய், வெப்பக் காற்று ஏறும் வழியைத் திறப்பார் அல்லது அடைப்பார். அங்கே இயற்கை அறிவியல் கற்பித்த வாரன் ஜான்சன், அறையின் நிலையை மின்கம்பி வழியே அடித்தளத்துக்குச் சொல்லும் கருவியைச் செய்து 1883இல் காப்புரிமை பெற்றார். காற்றுவழியைத் திருப்பியது அதன்பிறகும் பணியாளரின் கைதான். ஆனால் அவர் வகுப்புக்குள் வர வேண்டிய தேவை போயிற்று.

1885இல் மில்வாக்கியில் ஜான்சன் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜான்சன் கண்ட்ரோல்ஸ். 2009இல் அறிவிக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடச் சீரமைப்பில் அதற்கும் பங்குண்டு. 1931இல் திறக்கப்பட்ட அந்த 102 மாடிக் கட்டடத்தின் 6,514 சன்னல்களையும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளையும் புதுப்பித்து, எரிசக்திப் பயன்பாட்டை 38 சதவீதம் குறைப்பதே திட்டம்.

பழைய கட்டடங்களில் அறைக்கு அறை சென்சார் வைக்கத் தடையாக நின்றது கம்பிதான். சுவரை உடைத்துக் கம்பி இழுத்து மறுபடி பூசும் செலவு, சென்சாரின் விலையையே தாண்டிவிடும். அதனால் பல அறைகளுக்கு ஒரு தெர்மோஸ்டாட் என்று விட்டுவிட்டார்கள். மேற்கு வெயில் விழும் அறையும் வெயிலே படாத நடு அறையும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டன. 2003இல் கம்பியில்லாத் தொடர்புக்கான ஐஇஇஇ 802.15.4 தரம் வந்தது. அதன் வேகம் நொடிக்கு 250 கிலோபிட்தான். ஆனால் வெப்பநிலையைச் சொல்லச் சில பைட்டுகளே போதும். சென்சார் விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கிவிடும். தொலைவில் இருப்பதன் செய்தியைப் பக்கத்தில் இருப்பது வாங்கிக் கடத்தும். சிறிய பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும். இன்று அறைக்கு ஒன்று ஒட்டலாம். ஆள் இருப்பதை உணரும் சென்சாரும் இருந்தால், ஆளில்லாத கூடத்தில் விளக்கும் ஏசியும் தாமே அடங்கும். இத்தனை காலம் வெற்று அறைகளுக்காக எரிந்த எரிபொருளை நினைத்தால், இது எவ்வளவு பெரிய ஆதாயம் என்று புரியும்.

அன்று வகுப்புக்குள் வந்த பணியாளரிடம் சன்னலோர மாணவர் ‘இங்கே குளிர்கிறது’ என்று சொல்ல முடிந்தது. சரியாக மூடாத சன்னலை அவர் கண்ணாலும் பார்த்தார். இன்று திரையில் 23.5 டிகிரி என்று தெரிகிறது. காற்றுத் துளைக்கு நேர் கீழே உட்கார்ந்து நடுங்குபவர் அந்த எண்ணில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மேசைதோறும் பொருத்தப்படும் சென்சார், எந்த இருக்கை எத்தனை நேரம் காலியாக இருந்தது என்பதையும் பதிகிறது. விளக்கை அணைக்க அந்தத் தகவல் சில நிமிடங்களுக்குத்தான் தேவை. அதற்கு மேல் சேர்த்து வைப்பதை என்னால் ஏற்க முடியாது.