தொடாமலே தொடும் மின்சாரம்

பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள். இவற்றை மாற்ற யாருக்கும் உரிமம் வேண்டாம் என்றது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி. அதுவும் பழையதை எடுத்துவிட்டு அதே திறனில் புதியதை வைப்பதாக இருந்தால் மட்டும். அந்தச் சின்னப் பட்டியலைத் தாண்டிய எந்த மின்பணிக்கும் மூன்று பேர் வேண்டும்: மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர், அனுமதி பெற்ற பணியாளர். மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைப் புதிதாக எழுதியபோதும் இந்த மூவர் ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். வயர்மேனுக்கு ‘பி லைசென்ஸ்’, சூப்பர்வைசருக்கு ‘சி லைசென்ஸ்’ என்பது தொழிலில் புழங்கும் பெயர்.

1956-ஆம் ஆண்டு விதிகளின் அடியில் வோல்ட் கணக்கில் ஓர் ஏணி இருக்கிறது. 250 வோல்ட் வரை தாழ்வழுத்தம், 650 வரை நடுத்தரம், 33,000 வரை உயரழுத்தம், அதற்கும் மேலே மிகு உயரழுத்தம். கோடு ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானில் 600 வோல்ட்டைத் தாண்டினாலே உயரழுத்தம்; ஐரோப்பாவில் அது 1,000. மின்சாரம் 649 வோல்ட்டில் சாதுவாக இருந்துவிட்டு 651-இல் சீறுவதில்லை. கோடு மனிதர் போட்டதுதான். ஆனாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில் எங்கோ மின்சாரம் மெய்யாகவே குணம் மாறுகிறது.

1889-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பிரீட்ரிக் பாஷென் இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே வாயுவை வைத்து, எத்தனை வோல்ட்டில் பொறி தாவுகிறது என்று அளந்தார். இடைவெளி குறையக் குறையத் தேவைப்படும் வோல்ட்டும் குறைகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் விந்தையாக மறுபடி ஏறுகிறது. மோதி உடைக்கப் போதுமான வாயு மூலக்கூறுகள் அந்தச் சந்தில் இல்லாமல் போவதே காரணம். ஆகவே காற்றுக்கு ஓர் அடிமட்டம் உண்டு: ஏறத்தாழ 327 வோல்ட். அதற்குக் குறைந்த மின்னழுத்தம் எத்தனை நெருங்கினாலும் காற்றை உடைத்துத் தாவ முடியாது.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சி 325 வோல்ட். யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை, வெறும் தற்செயல்தான். சப்ளை கொஞ்சம் ஏறினால் அடிமட்டத்தைத் தாண்டியும்விடும். தாண்டினாலும் தாவக்கூடிய தூரம் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். சுவிட்சைத் தட்டும்போது தெறிக்கும் பொறி வேறு கதை. அங்கே ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்த உலோகங்கள் மின்னோட்டத்தோடு பிரிகின்றன. ஆக, வீட்டு மின்சாரம் நம்மைத் தாக்க வேண்டுமானால் நாம் அதைத் தொட்டாக வேண்டும். உயரழுத்தத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தோலும் ஏறக்குறைய இதே இடத்தில் கைவிடுகிறது. உலர்ந்த தோல் ஆயிரக்கணக்கான ஓம் தடையோடு உடம்பைக் காக்கிறது. சுமார் 500 வோல்ட்டில் அது துளைபடத் தொடங்கும். உள்ளே இருக்கும் உப்பு நீருக்கும் சதைக்கும் தடை சில நூறு ஓம்தான்.

பழைய எலெக்ட்ரீஷியன்கள் சிலர் ஷாக் வாங்கி வாங்கிப் பழகிவிட்டதாகப் பெருமையாகச் சொல்வார்கள். பேச்சு அசட்டுத்தனம்தான், ஆனால் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. 230 வோல்ட்டில் தவறு செய்தவர்களில் பலர் பிழைத்துப் பாடம் கற்கிறார்கள். 11,000 வோல்ட்டில் இரண்டாவது பாடம் பெரும்பாலும் கிடையாது. பட்டறிவால் கற்க முடியாத தொழிலுக்குப் பட்டறிவின் இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். உயரழுத்தப் பணிக்கான தகுதிச் சான்றிதழை நான் அப்படித்தான் பார்க்கிறேன். கைத்திறனை விட, கண்ணுக்குத் தெரியாதவற்றை அறிந்திருக்கிறாரா என்பதே அங்கே கேள்வி.

காற்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் காற்றை உடைக்கச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியானால் 11,000 வோல்ட் கம்பியிலிருந்து பொறி தாவும் தூரம் நான்கு மில்லிமீட்டர்கூட வராது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளோ 1994-இல் இந்த மின்னழுத்தத்துக்கு 64 சென்டிமீட்டர் விலகல் கேட்டன. பாடக்கணக்கு வழுவழுப்பான இரண்டு தகடுகளுக்கு உரியது. திருப்புளி முனை, விரல் நுனி போன்ற கூர்மையில் மின்புலம் குவிந்துவிடும். தொலைவில் சுவிட்ச் போடும்போதும் இடி விழும்போதும் அழுத்தம் ஒரு நொடியின் சிறு துணுக்குக்குப் பல மடங்கு எகிறும். கம்பத்தில் நிற்பவர் கால் இடறிக் கை வீசவும் கூடும்; 64 சென்டிமீட்டரில் பெரும்பங்கு அதற்காகத்தான். இன்னும் வியப்பானது, இடைவெளி மீட்டர் கணக்கில் நீளும்போது காற்றின் வலு சென்டிமீட்டருக்கு 5,000 வோல்ட் அளவுக்குக் கூடச் சரிந்துவிடும்.

அடுத்தது, ‘அணைந்த’ கம்பி. ஊழியர்கள் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு லைன் கிளியர், பேச்சில் ‘எல்.சி.’. துணைமின் நிலையத்தில் சப்ளையை நிறுத்தி, இன்னார் பெயருக்கு இந்தப் பாதை என்று எழுதிக் கொடுப்பார்கள். வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை யார் சொன்னாலும் சப்ளை கொடுக்கக்கூடாது. ஒரே பாதையில் இரண்டு குழு வேலை செய்தால் இரண்டு எல்.சி. அது கையில் இருந்தாலும் கம்பி செத்துவிட்டதாக நம்பக்கூடாது என்பதுதான் பயிற்சியின் சாரம். பக்கத்தில் ஓடும் இன்னொரு பாதை, தொடாமலே இதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். நீண்ட கேபிளில் மின்னூட்டம் தங்கி நிற்கும். எங்கோ ஒரு கடையில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், தெருமுனை டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்யும். இறங்கிய வழியே ஏறி, 230 வோல்ட் மறுபுறம் பத்தாயிரம் வோல்ட்டாகும். அதனால்தான் சோதித்துப் பார்த்த பிறகும், வேலையிடத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்டுகிறார்கள். முதலில் தரை முனை, பிறகு கம்பி முனை. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

எழுத்தில் எல்லாம் சரிதான். பணி மேற்பார்வையாளரின் ‘நேரடி மேற்பார்வையில்’ நடக்க வேண்டும் என்கிறது 45-ஆம் விதி; அந்த இரண்டு சொற்கள்தான் விதியிலேயே செலவு பிடித்தவை, ஏய்க்கவும் எளிதானவை. கையெழுத்திட்ட மேற்பார்வையாளர் கம்பத்தடியில் நின்றாரா என்பதைத் தாள் காட்டிக்கொடுக்காது.

ஏணியின் உச்சியில் நிற்பவர் சப்ளையை நிறுத்தாமலே கம்பியைக் கையால் பிடிக்கிறவர். 1836-இல் மைக்கேல் ஃபாரடே உலோகம் பொதிந்த பெட்டியறைக்குள் தாமே நுழைந்து, வெளியே பொறி பறந்தாலும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினார். 1960-இல் அமெரிக்காவில் ஹெரால்ட் ரோர்டன் என்ற பொறியாளர் அதைத் தொழில்முறையாக்கினார். உலோக இழை நெய்த உடையைப் போட்டு, மின்காப்பு ஏணியில் நெருங்கி, ஓர் உலோகக் கோலைக் கம்பியருகே நீட்டினால் படபடவெனப் பொறி பறக்கும். இணைப்பை மாட்டியதும் அடங்கிவிடும். பிறகு மனிதரும் கம்பியும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறார்கள். 400 கிலோவோல்ட் பாதையில் தரையிலிருந்து அது 2.3 லட்சம் வோல்ட். அவருக்கு இப்போது ஆபத்து கோபுரம்தான். இந்த வேலைக்கென்றே பெங்களூருவில் தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தின் ஹாட்லைன் பயிற்சி மையம் இருக்கிறது. மழையிலும் இடியிலும் வேலை கூடாது. பழுது வந்தால் பாதையைத் தானாக மறுபடி உயிர்ப்பிக்கும் கருவியை முன்கூட்டியே முடக்கிவைக்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டு விதிகள் எழுதப்பட்ட காலத்தில் மின்சாரம் ஒரே திசையில் வந்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீட்டுக் கூரைகள். ஒவ்வொன்றும் கம்பிக்குத் திருப்பி அனுப்பும் சின்ன மின்நிலையம். மின்தொடர் செத்தால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும் என்று தொழில்நுட்ப விதி இருக்கிறது. நல்ல இன்வெர்ட்டர்கள் நிற்கின்றன. எல்.சி. வாங்கிய லைன்மேன் அதை நம்பி இருந்துவிடக் கூடாது; டிரான்ஸ்பார்மரின் வீட்டுப் பக்கத்தையும் பிரித்துவிட்டு, இருபுறமும் எர்த் போட்ட பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும்.