வலிக்காத ரத்தம்

ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. வீட்டில் சொன்னால், “உடம்புச் சூடு, இளநீர் குடி” என்பார்கள். குடித்த மறுநாள் சிறுநீர் தெளிந்துவிடும். குணமாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதன்முதலில் தலைகாட்டுகிறது. பையின் உட்சுவரில், தண்ணீருக்குள் அசையும் பாசிபோல, மெல்லிய ரத்தக் குழாய்களோடு கட்டி வளர்கிறது. அதில் ஓர் இழை அறுந்தால் ரத்தம் வரும், உறைந்தால் நின்றுவிடும். பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், ஒன்றுமே தெரியாது. இளநீர் குடிக்காமல் இருந்திருந்தாலும் அந்த ரத்தம் நின்றிருக்கும். கட்டி மட்டும் நிற்பதில்லை. சிறுநீரகக் கல் இருப்பவர் வலி தாங்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுகிறார். வலியில்லாதவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் எப்படியாவது குறைக்க வேண்டும்.

2022இல் உலகில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 2.2 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்கள்.

காரணத்தின் தடம் முதலில் கிடைத்தது சாயத் தொழிலில். ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், மெஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளர்கள் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததை 1895இல் அறிவித்தார். சாயத்தொழிலில் புழங்கும் பீட்டா நாப்தைலமைன் என்ற வேதிப்பொருள் நாய்களுக்கு இதே புற்றுநோயை உண்டாக்குவதை 1938இல் வில்ஹெல்ம் ஹ்யூப்பர் காட்டினார். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நுழையும் நஞ்சு ஏன் சிறுநீர்ப்பையைத் தாக்க வேண்டும்? உடம்பு அதை ரத்தத்திலிருந்து வடித்துச் சிறுநீரில் சேர்க்கிறது. அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் இடம் சிறுநீர்ப்பை.

அதே வேதிப்பொருள் சிகரெட் புகையிலும் இருக்கிறது. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது மூன்று மடங்கு. அமெரிக்க ஆய்வுகளில், வந்த நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்று தெரிகிறது. புகை என்றதும் நுரையீரலை நினைக்கிற நாம் சிறுநீர்ப்பையை நினைப்பதே இல்லை. புகையை எப்போதோ விட்டவர்களும் மருத்துவரிடம் அந்தப் பழைய கதையைச் சொல்ல வேண்டும். இந்த நோய் பல பத்தாண்டுகள் கழித்தும் வரும். வடக்குச் சிலியில் உள்ள ஆன்டோஃபகாஸ்டா நகர மக்கள் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் என்ற நஞ்சு மிகுந்த ஆற்று நீரைக் குடித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும், பல பத்தாண்டுகளுக்கு அங்கே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகமாகவே இருந்தது.

பெண்களுக்கு நோய் குறைவு, ஆனால் தாமதம் அதிகம். ரத்தம் என்றால் மாதவிடாய்க் கோளாறு அல்லது சிறுநீர்த் தொற்று என்று எடுத்துக்கொண்டு, ஆன்டிபயாட்டிக் மாத்திரை திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுகிறது. கல்ச்சர் பரிசோதனையில் கிருமியே இல்லை என்று வந்த பிறகும் மாத்திரை எழுதப்பட்டால், “அப்படியானால் ரத்தம் எங்கிருந்து வருகிறது, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும் சிறுநீர் நிறம் மாறும் என்பது உண்மைதான். அது ரத்தமா நிறமா என்பதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே சொல்லிவிடும்.

ரத்தம்தான் என்றால் யூராலஜி மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்கேனில் சிறிய, தட்டையான கட்டிகள் தப்பிவிடலாம். அதனால் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி தடவி, சிறுநீர்த் தாரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பைக்குள் நேரே பார்க்கிறார்கள். சிஸ்டோஸ்கோபி என்பது இதுதான். பெயரைக் கேட்டே பயந்து நாள் கடத்துகிறவர்கள் உண்டு. சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை இது. கண்டறியப்படும்போது நான்கில் மூன்று பங்கு கட்டிகள் பையின் தசைக்குள் இன்னும் ஊடுருவாதவை. அவற்றை வயிற்றைக் கிழிக்காமல், அதே வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் போய்விட்டால் பையையே அகற்ற வேண்டிய நிலைகூட வரும்.

சுரண்டி எடுத்த பின், கட்டி திரும்பி வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்குத் தரும் மருந்து நமக்குப் பழக்கமானது. குழந்தை பிறந்ததும் கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியான அதே பிசிஜி! வீரியம் குறைத்த அந்த உயிருள்ள கிருமிகளைத் திரவமாகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, இரண்டு மணி நேரம்வரை அடக்கிவைத்திருக்கச் சொல்கிறார்கள். கிருமியை எதிர்க்கத் திரளும் உடம்பின் படை, மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் சேர்த்தே தாக்குகிறது. வாரம் ஒருமுறையாக ஆறு வாரம். கனடாவில் ஆல்வரோ மொரேலஸ் ஒன்பது நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1976இல் வெளியிட்டார். தசைக்குள் ஊடுருவாத, அபாயம் அதிகமுள்ள கட்டிகளுக்கு இன்றுவரை இது முதன்மையான மருந்து.

ஆனாலும் இந்தக் கட்டி திரும்ப வரக்கூடியது. அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோபி தேவைப்படும். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களுக்கும், முதல் முறை போலவே, வலி எதுவும் தெரியாது.