பற்பசை குற்றவாளியா?

வீட்டில் புதிதாக ஒரு பற்பசை வாங்குகிறார்கள். நான்காம் நாள் உங்கள் உதட்டோரத்தில் சுருசுருவென்று ஓர் எரிச்சல். மறுநாள் அங்கே சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பிவிடுகின்றன. "இந்தப் பசை ஒத்துக்கொள்ளவில்லை" என்று பழைய பசைக்கே திரும்புகிறீர்கள். பத்து நாளில் கொப்புளம் காய்ந்து உதிர்கிறது. ஆகவே, குற்றவாளி பசைதான் என்று தீர்ப்புக் கூறிவிடலாமா?

அவசரம் வேண்டாம். கொப்புளம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நரம்பில் உறங்கும் வைரஸ்

சூட்டுக் கொப்புளம், காய்ச்சல் கொப்புளம் என்றெல்லாம் நாம் சொல்லும் இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸின் முதல் வகை. பெரும்பாலோருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாகத் தொற்றிவிடுகிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இருவரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆயினும் பலருக்குக் கொப்புளமே தோன்றுவதில்லை.

உடலில் புகுந்த வைரஸ் மீண்டும் வெளியேறுவதில்லை. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பின் வழியே ஏறி, காதுக்கு அருகே மண்டை ஓட்டுக்குள் உள்ள நரம்பு முடிச்சில் தங்கி உறங்குகிறது. அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் 1929-இல் இக்கருத்தை வெளியிட்டார். 1970-களின் தொடக்கத்தில், இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளிலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்து அதனை உறுதி செய்தனர்.

காய்ச்சல், கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள், மன இறுக்கம், களைப்பு, உதட்டில் படும் காயம் ஆகியவை இந்த வைரஸைத் தட்டி எழுப்பக்கூடும். பல் மருத்துவச் சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்குக் கொப்புளம் வருவதுண்டு. எழுந்த வைரஸ் வந்த நரம்பின் வழியே உதட்டுக்கு இறங்குகிறது. எரிச்சலை நீங்கள் உணரும்போதே அது உதட்டை எட்டிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பசையில் என்ன இருக்கிறது?

பற்பசை நுரைப்பதற்குப் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் பொருளைச் சேர்க்கிறார்கள். இதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து அழுக்கைப் பிரிப்பது இதன் வேலை. சிலருக்கு இது வாயின் மென்தோலை உறுத்துகிறது. அந்த உறுத்தல் வைரஸை எழுப்பலாம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான்.

ஆனால் இதையும் கேளுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. ஆய்வுக்கூடத்தில் இதே லாரில் சல்பேட், வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது! இதனால் பசை நமக்குக் காப்பு என்றும் சொல்லிவிட முடியாது. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸைப் பசை தொடுவதே இல்லை. ஊகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரு பக்கமும் வாதாடலாம். முடிவு சொல்ல வேண்டியது சோதனையே.

எல்லாப் புண்ணும் ஒன்றல்ல

கன்னத்தின் உட்புறத்திலோ உதட்டின் உட்புறத்திலோ வெண்மையாகத் தோன்றும் வாய்ப்புண் வேறு; அது இந்த வைரஸால் வருவதன்று. லாரில் சல்பேட் இல்லாத பசையால் அவ்வகைப் புண் குறைந்ததாக 1990-களில் நார்வேயில் நடந்த ஆய்வு கூறியது. பின்னர் நடந்த வேறோர் ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. பசையிலுள்ள இலவங்கப்பட்டை போன்ற மணப்பொருள்களால் உதடு சிவந்து, அரித்து, தோலுரிவது இன்னொன்று, அது ஒவ்வாமை. இவற்றில் பசைக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் கொத்தாக வரும் வைரஸ் கொப்புளத்துக்குப் பசைதான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை.

காக்கையும் பனம்பழமும்

இப்போது சிறு கணக்கு. மாதம் ஒரு டியூப் தீரும் வீட்டில், கொப்புளம் எந்த நாளில் வந்தாலும், அது புதிய டியூப் திறந்த முதல் ஏழு நாள்களுக்குள் அமைய 30-க்கு 7 வாய்ப்பு உண்டு. அதாவது, பசைக்கு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், ஏறத்தாழ நான்கில் ஒரு முறை பழி அதன்மேல் விழும்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பசையை மாற்றியதும் ஆறிவிட்டதே என்பதும் சான்றாகாது. மாற்றாவிட்டாலும் இக்கொப்புளம் பெரும்பாலும் பத்து நாள்களில் ஆறிவிடும்.

தனி ஊசல் சோதனையில் என்ன செய்கிறீர்கள்? குண்டை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றுகிறீர்கள். இங்கும் அதே முறைதான். ஒரு நோட்டில் கொப்புளம் வந்த தேதி, அதற்கு முந்தைய வாரத்தில் வந்த காய்ச்சல், வெயிலில் விளையாடிய நேரம், தேர்வுக்காகக் கண்விழித்த இரவுகள், பயன்படுத்திய பசை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே கொப்புளம் வருமானால், இரண்டு வாரக் குறிப்பு போதாது. பல மாதங்கள் தொடர வேண்டும். ஐயம் வலுத்தால் பசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். பல் துலக்குவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்த இழப்பு உறுதியானது.

கொப்புளம் இருக்கும்போது பிரஷ், துண்டு, தம்ளர் ஆகியவற்றைப் பிறருடன் பகிர வேண்டாம். கைக்குழந்தைகளை முத்தமிட வேண்டாம். பச்சிளங்குழந்தைக்கு இத்தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணருகே கொண்டு செல்லாதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ, பத்து நாள்களைக் கடந்தும் புண் ஆறாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் இன்று உள்ளன. எரிச்சல் தோன்றிய உடனே தொடங்கினால்தான் அவற்றின் பயன் மிகுதி.