இன்வெர்ட்டர் இரைச்சலும் அதை அடக்கும் முறையும்

மதுரையில் விசைத்தறிக்கும், மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் கிணற்றங்கரை மோட்டாருக்கும் இன்வெர்ட்டர் பொருத்த எண்ணும் அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனித்தல் நலம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இக்கருவி மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி விடுகிறது. அதனால் எழும் மின் இரைச்சல் வானொலியைக் கரகரக்கச் செய்வதோடு, நீர்மட்டக் கருவியையும் ஏமாற்றக்கூடும். நீர் வற்றிய பின்னும் மோட்டார் ஓடிக் கருகினால் நஷ்டம் யாருக்கு?

உடனே எர்த் குழியை ஆழமாக்குவோர் உண்டு. உயிர்க்காப்புக்கு எர்த் இன்றியமையாதது. இரைச்சலுக்கோ அது மட்டும் மருந்தன்று. இன்வெர்ட்டரில் பிறந்த இரைச்சல் இன்வெர்ட்டருக்கே திரும்ப வழி தேடும். உலோக உறையுள்ள கேபிளே அவ்வழி. அதைக் குறுகியதாக இட்டு, உறையை மோட்டார்ச் சட்டத்திலும் இன்வெர்ட்டர்ச் சட்டத்திலும் சுற்றளவு முழுதும் கவ்வியால் இறுக்குக. உறையை வால்போல் முறுக்கி இணைத்தால் பயன் பெரிதும் குன்றும். நீர்மட்டக் கருவியின் கம்பியை 30 செ.மீ. விலக்கியே கொண்டு செல்க. கேபிளைக் கடக்க நேரின் குறுக்காக, நேர்கோணத்தில் கடக்கட்டும்.